தனி ஸ்டாலா, கூட்டு ஸ்டாலா, கமிஷனுக்கா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புக் போட்டவங்களுக்கு

புத்தகத் திருவிழா தேதி வெளிய வந்ததுமே நம்ம பக்கம் எழுதறவங்க எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்கறாங்க. "ஒரே ஒரு புக்குதான் போட்டிருக்கேன், முந்நூறு காப்பி அடிச்சு பாதிக்கு மேல அட்டைப்பெட்டியிலயே கெடக்கு, ஸ்டால் எடுக்கலாமா, இல்ல யாரோட ஸ்டால்லயாவது வெச்சுட்டு வந்துடலாமா?" முன்னெல்லாம் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்ல, நெறையப் பேர் புக்க தூக்கிட்டு சென்னைக்கோ ஈரோட்டுக்கோதான் போவாங்க. 2022-ல அரசு எல்லா மாவட்டத்துலயும் புத்தகத் திருவிழான்னு அறிவிச்சதுக்கு அப்புறம் நிலைமை மாறிடுச்சு, தருமபுரியில மாவட்ட நிர்வாகமும் தகடூர் புத்தகப் பேரவையும் சேர்ந்து நடத்தறாங்க, கிருஷ்ணகிரியிலயும் ஓசூர்லயும் நடக்குது. திருவிழா நம்ம ஊருக்கே வந்துடுச்சு, ஆனா அதுல நம்ம எழுத்தாளர் எந்த இடத்துல நிக்கறதுன்னு மட்டும் யாரும் தெளிவா சொல்லித் தரல.

என்னோட கருத்த முதல்லயே சொல்லிடறேன். ஒரு புக்கு, ரெண்டு புக்கு வெச்சிருக்கறவங்க தனி ஸ்டால் எடுக்காதீங்க. நாலஞ்சு பேர் சேர்ந்து எடுங்க, அதுக்கு ஆள் சேரலன்னா விழா நடத்தறவங்க போடற உள்ளூர் எழுத்தாளர் மேசையில வைங்க, கமிஷனுக்குக் கொடுக்கறத, அதாவது வேற ஒருத்தர் ஸ்டால்ல வெச்சு வித்ததுல அவங்களுக்கு ஒரு பங்கு கொடுக்கறத, அதுக்கு அடுத்ததா யோசிங்க. ஏன்னு கீழ விவரமா எழுதறேன், உங்க சூழ்நிலை வேறன்னா முடிவும் வேறயா இருக்கலாம்.

## எதை வெச்சு முடிவு பண்றது

நாலு விஷயம் பாக்கணும்.

ஒண்ணு, வித்தாலும் விக்காட்டியும் கையிலிருந்து போற காசு எவ்வளவு. ரெண்டாவது, யார் உக்காருவாங்க. பத்து நாள் விழான்னா காலையில பதினோரு மணிக்குத் தொறந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் ஒருத்தர் இருக்கணும், நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் ஸ்கூல் டீச்சர், மீதிப் பேர் கடை, விவசாயம், கம்பெனி வேலை, லீவு போட்டா சம்பளம் போகும், அதையும் செலவாத்தான் எழுதணும், யாரும் எழுதறதில்ல. மூணாவது, படிக்கறவங்கள நேர்ல பாக்க முடியுமா. நாலாவது, வித்த காசும் விக்காத புக்கும் எப்ப, எப்படி திரும்பி வரும்.

இந்த நாலுல உங்களுக்கு எது முக்கியம்னு நீங்களே ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. எனக்கு மூணாவதுதான் முக்கியம். அச்சுக்குப் போட்ட காசு கடைகள்ல, ஆன்லைன்ல, நண்பர்கள் மூலமா மெதுவா வந்துடும். ஆனா பாலக்கோட்டுலயோ அரூர்லயோ இருக்கற ஒருத்தர் உங்க புக்க எடுத்துப் பாக்கறத நீங்க பக்கத்துல நின்னு பாக்கறதுக்கு வருஷத்துல இந்தப் பத்து நாள விட்டா வேற நாள் இல்ல.

## கணக்கு போட்டுப் பாத்துடலாம்

இது ஒரு மாதிரிக் கணக்குதான், உங்க புக்கோட விலைய வெச்சு நீங்க மாத்திப் போட்டுக்கங்க. புக் விலை 150 ரூபா, அச்சுச் செலவு காப்பிக்கு 60 ரூபா. நேர்ல வித்தா வாசகருக்குக் கொடுக்கற 10 சதவீதக் கழிவு (தள்ளுபடி) போக 135 வரும், அச்சுச் செலவு கழிச்சா 75 மிஞ்சும். கமிஷனுக்குக் கொடுத்தா 40 சதவீதம் அவங்களுக்கு, உங்க கைக்கு 90, மிஞ்சறது 30. ஸ்டால் வாடகை 10,000, ஃப்ளெக்ஸ், துணி எல்லாம் சேத்து 1,000, சாப்பாடு, டீ, பஸ்ஸுக்கு ஒரு நாளைக்கு 200. கூட்டு ஸ்டால்னா அஞ்சு பேர், ஆளுக்கு ரெண்டு நாள்.

| | தனி ஸ்டால் | அஞ்சு பேர் கூட்டு | கமிஷன் |
|---|---|---|---|
| முன்னாடியே போற காசு | 13,000 | 2,600 | இல்ல |
| காப்பிக்கு மிஞ்சறது | 75 | 75 | 30 |
| போட்ட காசு வர எத்தன காப்பி | 174 | 35 | இல்ல |
| 20 காப்பி வித்தா | 11,500 நஷ்டம் | 1,100 நஷ்டம் | 600 லாபம் |
| 60 காப்பி வித்தா | 8,500 நஷ்டம் | 1,900 லாபம் | 1,800 லாபம் |
| 100 காப்பி வித்தா | 5,500 நஷ்டம் | 4,900 லாபம் | 3,000 லாபம் |

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. வெறும் காசுன்னு பாத்தா 58 காப்பிக்குக் கீழ விக்கற வரைக்கும் கமிஷன்தான் கூட்டு ஸ்டால விட நல்லது. இன்னொண்ணு, தனி ஸ்டால் எடுத்தவர் கமிஷனுக்குக் கொடுத்தவர விட அதிகம் சம்பாதிக்கணும்னா 289 காப்பி விக்கணும், அதாவது அடிச்ச முந்நூறும் கிட்டத்தட்ட காலியாகணும், பத்தே நாள்ல, ஒரே ஊர்ல. வாடகை உங்க ஊர்ல 10,000-க்குக் கொறைச்சலா இருந்தா கணக்கு கொஞ்சம் எளகும், ஆனா தலைகீழா மாறிடாது.

லீவு போட்டா போற சம்பளத்தையும் அன்பளிப்புப் பிரதியையும் இந்தக் கணக்குல நான் சேக்கவே இல்ல. உள்ளூர்னா தெரிஞ்சவங்க வருவாங்க, "எங்கப்பா எனக்கு ஒண்ணு?"ன்னு உரிமையா கேப்பாங்க, பெரியவங்களுக்கு, மேடையில பேச வந்தவங்களுக்கு, ஸ்கூல்ல பாடம் நடத்தின சாருக்கு, இப்படியே பதினஞ்சு இருபது போயிடும். அந்த இருபதுக்கும் தலா 60 ரூபா, 1,200. அதுக்குன்னு தனியா ஒரு எண்ணிக்கை முன்னாடியே வெச்சுக்கங்க, முடிஞ்சா முடிஞ்சதுதான்.

அப்புறம் வரி பத்தி அடிக்கடி கேக்கறாங்க. அச்சடிச்ச புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால விக்கறப்ப அந்தக் கவலை வேணாம், ஆனா அச்சகத்து பில்லுல ஜிஎஸ்டி வரும், அது உங்க அடக்கத்துல சேரும், 60 ரூபான்னு சொல்றப்ப அதையும் சேத்துதான் சொல்லணும். ஐஎஸ்பிஎன்னுங்கற புத்தக அடையாள எண்ணுக்கு நம்ம நாட்டுல காசு கிடையாது, எழுத்தாளரே நேரா ஆன்லைன்ல விண்ணப்பிக்கலாம், அதுக்குன்னு யாராவது தனியா பணம் கேட்டா கொடுக்காதீங்க.

## தனி ஸ்டால்

பத்துக்குப் பத்து ஸ்டால்ல ஒரே புக்க அடுக்கி வெச்சா தூரத்துலருந்து பாக்கறவங்களுக்கு காலி ஸ்டால் மாதிரிதான் தெரியும். அவங்க உள்ள வராம அப்படியே அடுத்த ஸ்டாலுக்குப் போயிடறாங்க. எடத்த நெரப்பறதுக்கு மத்த பதிப்பகப் புக்க வாங்கி வெப்பீங்க, வெச்சதும் நீங்க எழுத்தாளர் இல்ல, கடைக்காரர் ஆயிடுவீங்க, அவங்க கணக்கு, அவங்க ரிட்டர்ன், அவங்க புக்கு காணாப் போனா உங்க கைக்காசு.

ஒருத்தரா உக்காந்தா சாப்பிடப் போக முடியாது, பாத்ரூம் போக முடியாது. ராத்திரி ஸ்டால மூடறதுன்னா துணியக் கட்டி மூடறதுதான், ஷட்டரெல்லாம் கிடையாது. சாயங்காலம் காத்தோட மழை வந்தா கொட்டாய் ஓரத்துல இருக்கற ஸ்டால்ல தண்ணி உள்ள அடிக்கும், அட்டைப்பெட்டியத் தரையில வெச்சவங்க புக்கு அடியில இருந்து உப்பிடும். பலகை போட்டு அது மேலதான் பெட்டிய வைக்கணும், மேல போட தார்ப்பாய் ஒண்ணு கையில இருக்கணும்.

அப்ப யாருக்கு இது சரி? அஞ்சாறு தலைப்பு சொந்தமா வெச்சிருக்கறவங்க, சின்னதா பதிப்பகம் மாதிரி நடத்தறவங்க, வீட்டுல இன்னொரு ஆள் முழு நாளும் கூட உக்கார முடிஞ்சவங்க, முக்கியமா 30, 50 ரூபா விலையில சிறுவர் புக்கு வெச்சிருக்கறவங்க. பகல்ல ஸ்கூல் பிள்ளைங்க வரிசையா வருவாங்க, டீச்சர் முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். ஒரு பொண்ணு புக்க எடுத்து முதல்ல பின்னட்டையத்தான் திருப்பிப் பாக்கும், 150-ன்னு இருந்தா எடுத்த எடத்துலயே நேரா வெச்சுட்டுப் போயிடும், கையில மடிச்சு வெச்சிருக்கற நோட்டு அம்பது ரூபாதான். அந்தப் பிள்ளைக்கு அதியமான், ஔவையார், நெல்லிக்கனி கதைய முப்பத்திரண்டு பக்கத்துல படத்தோட கொடுங்க, பாப்பாரப்பட்டியில 1925-ல காலமான சுப்பிரமணிய சிவா பத்தி ஒண்ணு, தொரப்பள்ளியில பொறந்த ராஜாஜி பத்தி ஒண்ணு. அப்படி நாலு சின்னப் புக்கு உங்ககிட்ட இருந்தா தனி ஸ்டால் தைரியமா எடுக்கலாம்.

## கூட்டு ஸ்டால்

இதத்தான் நான் எல்லாருக்கும் சொல்லிட்டிருக்கேன், ஆனா சேர்றதுக்கு முன்னாடி பேச வேண்டியத பேசாம சேந்தா நட்பும் போயிடும்.

முதல்ல யாரெல்லாம் சேர்றதுன்னு பாருங்க. அஞ்சு கவிதைத் தொகுப்பு ஒரே ஸ்டால்ல இருந்தா அஞ்சும் ஒண்ண ஒண்ணு மறைச்சுக்கும். ஒரு உள்ளூர் வரலாறு, ஒரு நாவல், ஒரு சிறுகதை, ஒரு கவிதை, ஒரு சிறுவர் புக்குன்னு கலந்து இருந்தா வர்றவர் எதுக்கு வந்தாலும் ஏதோ ஒண்ண எடுப்பாரு. முடிஞ்சா பென்னாகரம், அரூர், காரிமங்கலம்னு வேற வேற ஊர்க்காரங்களா சேருங்க, ஒவ்வொருத்தருக்கும் அவங்க ஊர் ஆளுங்க தேடி வருவாங்க, வர்றவங்க மத்த நாலு பேர் புக்கையும் பாப்பாங்க.

அடுத்தது காசு. ஆளாளுக்கு ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டினா மூணு பேர் புக்கு எடுத்த வாசகர் மூணு தடவ ஸ்கேன் பண்ணணும், ரெண்டாவது தடவ டவர் கிடைக்கலன்னா "அப்புறம் வாங்கிக்கறேங்க"ன்னு மூணாவதக் கீழ வெச்சுடுவாரு. அதனால ஒரே க்யூஆர், ஒருத்தர் அக்கவுண்ட், கூடவே ஒரு பில் புக்கு. ஒவ்வொரு பில்லுலயும் புக்கு பேரு எழுதியே ஆகணும். ராத்திரி மூடறப்ப அன்னிக்கு போட்ட பில்லு எல்லாத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டு அன்னிக்கே அவங்கவங்க பங்க அனுப்பிடணும். கடைசி நாள் மொத்தமா பாத்துக்கலாம்னு விட்ட கூட்டு எதுவும் அடுத்த வருஷம் சேரல, இத நான் அடிச்சு சொல்வேன். சில்லறைக்குன்னு முதல் நாளே ஆளுக்கு இருநூறு ரூபா போட்டு பத்து, இருபது நோட்டா மாத்தி வெச்சுக்கங்க.

ரொம்ப மனஸ்தாபம் வர்ற எடம் எதுன்னா, அன்னிக்கு உக்காந்திருக்கறவர் தன்னோட புக்க மட்டும் எடுத்துக் காட்டறது. இதுக்கு ஒரு வழி இருக்கு, அஞ்சு பேரும் மத்த நாலு பேர் புக்கையும் விழாவுக்கு முன்னாடி படிச்சிருக்கணும். படிச்சவங்களாலதான் "இது எங்க சாரு எழுதினது, மொரப்பூர் ஸ்டேஷன் பக்கமே முழுக் கதையும் நடக்குது"ன்னு சொல்ல முடியும். வர்றவங்ககிட்ட புக்க நீட்டறதுக்கு முன்னாடி "எந்த ஊருங்க?"ன்னு கேளுங்க. நம்ம பக்கம் அந்தக் கேள்விக்கு யாரும் கோவிச்சுக்கறதில்ல, பதில் சொன்னதுக்கப்புறம் சும்மா திரும்பிப் போறதும் கம்மி.

நடுகல் (செத்துப்போன வீரனுக்கு நட்ட கல்லு) பத்தின ஒரு புக்கு ஒரு கூட்டு ஸ்டால்ல இருந்துச்சு. பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், தோள்ல துண்டு, பேரன் கையப் புடிச்சுட்டு வந்தவரு, அந்தப் புக்க எடுத்து படத்த மட்டும் ஒவ்வொண்ணா திருப்பிட்டே வந்தாரு. வெலை கேக்கல. ஒரு படத்துல நிறுத்தி, "இதே மாதிரி எங்க ஏரிக்கரையில ஒண்ணு இருக்குங்க, வேடியப்பன்னு வருஷா வருஷம் பொங்க வெக்கிறோம், கையில வில்லு இருக்கும், மேல எழுத்து மாதிரி என்னமோ இருக்கும், என்னன்னு யாருக்கும் தெரியல"ன்னாரு. எழுதினவர் அன்னிக்கு ட்யூட்டியில இருந்தாரு, உடனே ஊர்ப் பேரு, வழி எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டாரு. அவரு அங்க இல்லாம புக்கு மட்டும் ஏதோ ஒரு பெரிய ஸ்டால்ல இருந்திருந்தா ஒரு காப்பி வித்திருக்கலாம், அந்த ஏரிக்கரை கல்லு பத்தின தகவல் வந்திருக்காது. உள்ளூர் விஷயத்த எழுதறவங்க கமிஷன்ல மிச்சமாகற காச விட இதப் பெரிசா நெனைக்கணும்னு நான் உண்மையிலேயே நம்பறேன்.

நேரத்தப் பொறுத்த வரைக்கும், எல்லாரும் எப்பவும் இருக்கணும்னு இல்ல. நல்ல விற்பனை சாயங்காலம் அஞ்சுலருந்து ஏழு வரைக்கும்தான். மேடையில பேரு வாங்கின பேச்சாளர் ஆரம்பிச்சுட்டா ஸ்டால் பக்கம் காத்தாடும், பேச்சு முடிஞ்சா பாலக்கோடு, அரூர், பென்னாகரம் கடைசி பஸ்ஸப் புடிக்க ஓடுவாங்க, அப்ப நின்னு புக்கு பாக்க மாட்டாங்க. வேலைக்குப் போறவங்க நாலரைக்கு வந்து சேந்தாலே போதும், பகலுக்கு ரிட்டையர் ஆனவரு யாராவது ஒருத்தர் கூட்டுல இருந்தா பெரிய புண்ணியம்.

## கமிஷனுக்குக் கொடுக்கறது

வெளியூர்ல வேலை பாக்கறவங்க, லீவே கிடைக்காதவங்க, உடம்புக்கு முடியாதவங்க, இவங்களுக்கு இதான் வழி. ஏற்கெனவே பேரு தெரிஞ்ச எழுத்தாளருக்கும் இது போதும், வாசகரே பேரு சொல்லிக் கேட்டு வாங்கிடுவாரு.

பேரு தெரியாத நமக்கு இதுல இருக்கற சிக்கல், ஆயிரம் ரெண்டாயிரம் தலைப்பு இருக்கற ஸ்டால்ல நம்ம புக்கு ரேக்குல முதுகு மட்டும் தெரியற மாதிரி சொருகிக் கெடக்கும். அட்டை தெரியற மாதிரி வைக்கச் சொல்லிக் கேளுங்க, கேட்டா வைக்கறவங்க இருக்காங்க. பத்துப் பத்தா கொடுத்து, தீந்தா மறுபடி கொடுங்க, மொத்தமா அம்பது இறக்காதீங்க. புக்கு கொடுத்ததுக்கு சலான் (ரசீது) ரெண்டு காப்பி போட்டு ஒண்ணுல கையெழுத்து வாங்கிடுங்க. அதுல எத்தன காப்பி, எத்தன சதவீதம், வாசகருக்குக் கொடுக்கற பத்து சதவீதக் கழிவு யாரு பங்குல இருந்து போகும், எப்ப செட்டில்மென்ட், இந்த நாலும் இருக்கணும். கழிவு விஷயத்த பேசாம விட்டா 40 சதவீதமும் போயி அதுக்கு மேல பத்தும் உங்க பங்குல கழியும், உங்களுக்கு 75 ரூபாதான் வரும், மிஞ்சறது 15.

கடைசி நாள் சாயங்காலம் கண்டிப்பா நேர்ல போகணும். விழா முடிஞ்ச ராத்திரியே எல்லாத்தையும் பெட்டியில கட்டி லாரியில ஏத்தி அடுத்த ஊருக்குப் போயிடுவாங்க, அவங்க பொழப்பு அது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட புக்கு அப்படியே கட்டோட போயிடுச்சு, எந்தப் பெட்டியில இருக்குன்னு கண்டுபுடிச்சு காசு வர்றதுக்குள்ள அடுத்த விழாவே வந்துடுச்சு.

## உள்ளூர் எழுத்தாளர் மேசை, மேடை வெளியீடு

சில விழாவுல அமைப்பாளர்களே உள்ளூர் ஆளுங்களுக்குன்னு ஒரு பொது ஸ்டாலோ மேசையோ போடறாங்க. வாடகை இருக்காது, இருந்தாலும் கொஞ்சம்தான். முதல் புக்கு போட்டவங்களுக்கு, மெல்லிசா கவிதைத் தொகுப்பு வெச்சிருக்கறவங்களுக்கு, இது ரொம்ப நல்ல எடம். கேக்க வேண்டியது ரெண்டு: மேசை எந்த எடத்துல, யாரு உக்காருவாங்க. வெளிய போற வழிகிட்ட, பஜ்ஜிக் கடை பக்கம் போட்டா அங்க வர்றப்ப எல்லார் கையிலயும் பை நெறஞ்சிருக்கும். உக்கார்றவங்க தன்னார்வலர் பசங்க, அவங்களுக்கு உங்க புக்குல என்ன இருக்குன்னு தெரியாது, அதனால ஒரு அட்டையில ரெண்டே வரி பெரிய எழுத்துல எழுதி புக்கு அடுக்கு மேல கிளிப் போட்டு நிறுத்துங்க. உங்க ஊர்ப் பேரும் அதுல வரணும்.

மேடையில வெளியீட்டு விழா வெச்சா போட்டோ வரும், வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், அத வேணாம்னு சொல்ல மாட்டேன். விற்பனைக்குன்னு மட்டும் அத நம்பாதீங்க. பொன்னாடை, வந்தவங்களுக்கு கார் வாடகை, ஃப்ளெக்ஸ், மேடையில கொடுக்கற காப்பி எல்லாம் சேந்தா கூட்டு ஸ்டால் பங்க விட அதிகம் ஆயிடும். வெக்கறதா இருந்தா இறங்கற படிகிட்டயே ஒரு ஸ்டூல் போட்டு வீட்டு ஆள் ஒருத்தர் இருபது காப்பியோட உக்காரணும், கை தட்டின சூட்டோட வாங்கறவங்க பத்து நிமிஷம் கழிச்சு தேடி வர மாட்டாங்க.

## தருமபுரியா, கிருஷ்ணகிரியா, ஓசூரா

2004 பிப்ரவரி 9 வரைக்கும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம்தான், அதனால தருமபுரி விஷயத்த எழுதினவங்களுக்கு காவேரிப்பட்டணத்துலயும் ஊத்தங்கரையிலயும் சொந்த வாசகர் உண்டு. கூட்டு ஸ்டால தருமபுரியில ஒரு தடவ நடத்திப் பாத்தவங்க அதே கூட்டோட கிருஷ்ணகிரிக்கும் போகலாம், ஃப்ளெக்ஸும் துணியும் ஏற்கெனவே இருக்கு, பஸ்ஸுல போயிட்டு வர்ற தூரம்தான்.

ஓசூர் வேற கணக்கு. தருமபுரியிலருந்து கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், தினமும் போயிட்டு வந்தா ஆளு ஓஞ்சு போயிடுவாங்க, தங்கணும்னா ரூம் வாடகை கூட்டு ஸ்டாலோட லாபத்த முழுசா தின்னுடும். அங்க வர்ற கூட்டத்துல தென் மாவட்டத்துலருந்து கம்பெனி வேலைக்கு வந்தவங்க நெறைய, தெலுங்கு, கன்னடம் பேசற குடும்பங்களும் நெறைய, நம்ம ஊர்ப் பேரச் சொல்லி விக்கறது அங்க அவ்வளவா எடுபடாது. நாவல், சிறுவர் புக்கு போகும். ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர் யாராவது கூட்டுல இருந்தா அவங்கள வெச்சு கூட்டு ஸ்டால் போடுங்க, இல்லன்னா ஓசூருக்கு மட்டும் கமிஷனுக்கே கொடுத்துட்டு, முதல் நாளும் கடைசி நாளும் போயிட்டு வாங்க.